பில்டர் கையெழுத்து கேட்குறாரா? முதல்ல எஃப்.எஸ்.ஐ கணக்கைப் போடுங்க!

"பழைய அப்பார்ட்மென்ட்டை இடிச்சுட்டு, புதுசா 1,000 சதுர அடியில ஃப்ளாட் தர்றோம்" என்று பில்டர் வந்து நின்றால், 800 சதுர அடி வீட்டில் இருக்கும் அப்பா, அம்மாவுக்கு லாபமாகத்தான் தோணும். ஆனா, கணக்கு ஃப்ளாட்டில் இல்லை, அடியில் இருக்கும் மனையில் இருக்கு.

மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு, எல்லா மாடிகளையும் சேர்த்துக் கட்டலாம் என்பதுதான் எஃப்.எஸ்.ஐ. தமிழ்நாட்டில் உயரம் குறைந்த கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்தது, 2019 விதிகளில் 2 ஆனது.

சென்னையில் 4 கிரவுண்டு மனை, 8 வீடுகள் என்று வெச்சுக்குவோம். 9,600 சதுர அடி மனையில் 19,200 சதுர அடி கட்டலாம். எட்டு பேருக்கும் தலா 1,000 கொடுத்தாலும் 11,200 மிச்சம். மாடிப்படி, காரிடார் போக மீதி பில்டர் விற்பதற்கு! பத்திரத்தில் உங்க யு.டி.எஸ், அதாவது பிரிக்கப்படாத மனைப் பங்கு 1,200 என்றால், அதன் கணக்கில் வருவது 2,400. கட்டுமானச் செலவு அவருடையது என்பதால் முழுசையும் கேட்க முடியாதுதான். ஆனா, பேரத்தை 800-ல ஆரம்பிக்காதீங்க.

இன்னொண்ணு, 19,200 என்பது உச்சவரம்பு மட்டுமே. சாலை குறுகலா இருந்தா உயரமும் வீடுகளின் எண்ணிக்கையும் குறையும். சுற்றிலும் காலியிடம், பார்க்கிங் வேற விடணும். அதனால சாலையை டேப் வெச்சு நீங்களே அளந்துடுங்க. அகலமான சாலைன்னா, பில்டர் அரசுக்குக் கட்டணம் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ வாங்கலாம். அந்தக் கூடுதல் பரப்பில் உங்க பங்கு என்னன்னு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிடுங்க.