கைம்மாறு கருதா வானொலி அஞ்சல்

'அஞ்சல்' என்னும் சொல்லை நாம் இரு பொருளில் வழங்குகிறோம். கடிதங்களைக் கொண்டு சேர்ப்பது ஒன்று. ஒரு நிலையத்தின் ஒலிபரப்பை வேறொரு நிலையம் ஏற்று மீண்டும் ஒலிபரப்புவது மற்றொன்று. இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அஞ்சலோட்டக்காரன் மணி கட்டிய கோலைக் கையிற்கொண்டு, கடிதப் பையைச் சுமந்து ஓடுவான்; தன் எல்லை வந்ததும் அடுத்தவனிடம் பையை ஒப்படைப்பான். நாடு முழுவதையும் ஓடிக் கடக்க ஒருவனால் ஆகாது. ஆயினும் பை நாடு முழுவதையும் கடந்துவிடும்.

அந்த ஓட்டக்காரனுக்குச் சமஸ்தானம் சம்பளம் அளித்தது. ஒரு காசும் பெறாமல், முன்பின் அறியாத ஒருவருடைய செய்தியை வாங்கி மற்றொருவரிடம் சேர்க்கும் பணியைத் தாமாகவே மேற்கொண்டவர்களும் உலகில் உண்டு. அவர்கள் அமெச்சூர் வானொலியாளர்கள். ஊதியத்தின் பொருட்டன்றி, ஆர்வத்தின் பொருட்டே வானொலியைக் கையாள்பவர் என்பது அப்பெயரின் கருத்து. நான் சரித்திரம் போதித்த நாட்களில், மாணவர்கள் போர்கள் நடந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்யத் தயங்கியதில்லை. ஆனால் ஒரு சங்கம் எவ்வாறு தோன்றிற்று, எதனால் அழியாது நிலைத்தது என்று கேட்டவர் மிகச் சிலரே. அக்கேள்விக்கு விடையாக இந்த வரலாற்றைக் கூற விரும்புகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1912ஆம் ஆண்டில் ஒரு வானொலிச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் 'டைட்டானிக்' கப்பல் மூழ்கியபோது, கம்பியில்லாத் தந்தியில் ஒழுங்கு எத்துணை இன்றியமையாதது என்பதை உலகம் உணர்ந்திருந்தது. புதிய சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டருக்கு மேற்படாத அலைநீளத்தில் ஒதுக்கியது. ஒரு கிலோவாட்டுக்கு மேற்பட்ட மின்சக்தியையும் தடுத்தது. நெடிய அலைகளே நெடுந்தூரம் செல்லும், குறுகிய அலைகள் பயனற்றவை என்பது அக்காலத்து அறிஞர்களின் கருத்து. அதாவது, தமக்கு வேண்டாத நிலத்தைத் தருமமாகக் கொடுப்பதுபோல், வேண்டாத அலைகளை அமெச்சூர்களுக்குக் கொடுத்தார்கள்.

இனி, கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகருக்குச் செல்வோம். அங்கு ஹிராம் பெர்ஸி மாக்ஸிம் என்னும் பொறியியலறிஞர் வாழ்ந்தார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த சர் ஹிராம் மாக்ஸிமின் புதல்வர் இவர். தந்தை ஓசை மிகுந்த ஆயுதத்தைப் படைத்தார். மகனோ துப்பாக்கியின் ஓசையை அடக்கும் சாதனத்தைப் படைத்தார். 1914ஆம் ஆண்டு ஏப்ரலில் அவருக்கு வயது 44. அவர் தமது வீட்டு நிலையத்திலிருந்து, ஏறக்குறைய 25 மைல் தொலைவிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்கு ஒரு செய்தி அனுப்ப முயன்றார். செய்தி எட்டவில்லை. இடைவழியில் விண்ட்சர் லாக்ஸ் என்னும் ஊரில் ஓர் அமெச்சூர் இருந்தார். அவரிடம் செய்தியைக் கொடுத்தார். அவர் அதை ஸ்பிரிங்ஃபீல்டுக்குச் சேர்ப்பித்தார்.

இதில் வியப்பென்ன என்று நீங்கள் வினவலாம். அச்செய்தியை மறந்துவிட்டு வேறு வேலை பார்ப்பது எவர்க்கும் எளிது. மாக்ஸிம் அதனினின்று ஒரு முடிவுக்கு வந்தார்: 25 மைலுக்கு ஒருவர் இடைநின்று உதவக்கூடுமாயின், நூறு பேர் இடைநின்றால் ஒரு கண்டத்தையே கடக்கலாம். அம்மாதமே ஹார்ட்ஃபோர்டு வானொலிக் கழகத்தின் கூட்டத்தில் இக்கருத்தை எடுத்துரைத்தார். 'அமெரிக்க வானொலி அஞ்சல் சங்கம்' பிறந்தது. இருபது வயதும் நிரம்பாத கிளாரன்ஸ் டஸ்கா என்னும் இளைஞர் அதன் செயலாளரானார். நாற்பதைக் கடந்தவரின் யோசனையும் இளைஞரின் உழைப்பும் சேர்ந்தன. அவ்வாண்டு முடிவதற்குள் இருநூறுக்கு மேற்பட்ட நிலையங்கள் சங்கத்தின் பட்டியலில் இடம்பெற்றன.

அப்பட்டியலை அற்பமாகக் கருதலாகாது. எந்த ஊரில் எவர் இருக்கிறார், அவருடைய நிலையத்தின் அழைப்புக் குறி யாது என்பதை எல்லோரும் அறிந்தாலன்றிச் செய்தி எந்தத் திசையில் செல்வது? அடுத்து, 1915ஆம் ஆண்டு டிசம்பரில் 'க்யூ.எஸ்.டி.' என்னும் மாதப் பத்திரிகை வெளிவந்தது. 'எல்லா நிலையங்களுக்கும்' என்று பொதுவாக அழைப்பதற்குரிய தந்திக் குறியே அதன் பெயராயிற்று. பின்னர், கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் செய்திக்குரிய பெருவழிகள் வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் நியமிக்கப்பட்டார். செய்தியைச் சொல் பிறழாமல் எழுதிக்கொள்வதும், குறித்த வேளையில் விழித்திருப்பதும், கிடைத்ததைத் தாமதமின்றி அடுத்தவருக்குத் தருவதும் அஞ்சலாளரின் கடமைகள். இவற்றுள் ஒன்று தவறினும் சங்கிலி அறுந்துபோம். அறுந்த சங்கிலியின் மற்ற வளையங்கள் எவ்வளவு உறுதியாயிருந்து என்ன பயன்?

1917ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் இரவு இம்முயற்சியின் பலன் தெரிந்தது. நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட செய்தியொன்று இடைநிலையங்களின் வழியே கைக்குக் கை மாறி, ஏறக்குறைய 2,500 மைல் கடந்து லாஸ் ஏஞ்சலீஸை அடைந்தது. அதற்குரிய மறுமொழியும் திரும்பி வந்தது. போகவும் வரவும் ஆன காலம் 1 மணி 20 நிமிடம். பயனற்றவை என்று ஒதுக்கப்பட்ட அலைகளைக்கொண்டே இது செய்யப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

ஆனால் இரண்டு மாதங்களுக்குள் எல்லாம் அடங்கிற்று. 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அமெச்சூர் நிலையங்கள் அனைத்தையும் மூடுமாறும், வான்கம்பிகளைக் கழற்றுமாறும் அரசு ஆணையிட்டது. உறுப்பினர் பலர் படையிற் சேர்ந்து வானொலிப் பணியாற்றினர். செப்டம்பரோடு பத்திரிகையும் நின்றது. போர் 1918 நவம்பரில் முடிந்தது. ஆனால் அமெச்சூர்களின் துன்பம் முடியவில்லை. வானொலி முழுவதையும் கடற்படையின் ஆதிக்கத்தில் வைப்பதற்கு ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. அது நிறைவேறியிருப்பின் அமெச்சூர் வானொலி அன்றே மாண்டிருக்கும்.

அந்நிலையில் சங்கத்திடம் என்ன இருந்தது? நிலையங்கள் இல்லை, பத்திரிகை இல்லை, கஜானாவில் பணமும் இல்லை. இருந்தவை, உறுப்பினர்களின் விலாசங்களும் அவர்களுடைய நன்மதிப்புமே. மாக்ஸிம் தலைநகருக்குச் சென்று மசோதாவை எதிர்த்துச் சாட்சியம் கூறினார். நாடெங்கிலுமிருந்து அமெச்சூர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் தங்கள் பிரதிநிதிகளுக்குக் கடிதங்கள் எழுதினர். 1919 ஜனவரியில் மசோதா கிடப்பில் போடப்பட்டது. ஏப்ரலில் செய்திகளைக் கேட்கவும், அக்டோபரில் அனுப்பவும் அனுமதி கிடைத்தது. இடையில், சங்கத் தலைவர்கள் பழைய உறுப்பினர்களுக்குக் கடன் பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டி, டஸ்காவின் உடைமையாயிருந்த பத்திரிகையைச் சங்கத்திற்கென வாங்கினர். அனுப்பும் உரிமையே இன்னும் மீளாதபோது, அடுத்தவர் செய்திக்காகத் தம் பணத்தைக் கடனாக ஈந்தவர்களே அச்சங்கத்தை உயிர்ப்பித்தார்கள். கண்டத்தைக் கடந்த செய்தியைவிட இதனையே நான் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

அதன்பின் விஞ்ஞானம் விரைந்து வளர்ந்தது. 1923ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், கனெக்டிகட்டைச் சேர்ந்த ஃபிரெட் ஷ்னெல், ஜான் ரெய்னார்ட்ஸ் ஆகிய அமெச்சூர்கள், பிரான்ஸ் நாட்டின் நீஸ் நகரிலிருந்த லியோன் டெலாயுடன் அட்லாண்டிக் மாகடலைக் கடந்து உரையாடினர். அவர்கள் கையாண்ட அலைநீளம் ஏறக்குறைய 110 மீட்டரே. குறுகிய அலைகள் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் செல்வன என்பது இத்தகைய முயற்சிகளால் விளங்கிற்று. வேண்டாத நிலத்தில் புதையல் இருந்தது.

அங்ஙனமாயின் இடைநிற்பவர் இனி எதற்கு என்று தோன்றும். சரித்திரம் அவ்வாறு நேர்கோட்டிற் செல்வதில்லை. அமெச்சூர்கள் இன்னும் குறுகிய அலைகளை, இரண்டு மீட்டர் அளவுள்ள அலைகளை, ஊருக்குள் பேசுவதற்குக் கையாளத் தொடங்கினர். இவற்றுக்குச் சிறிய கருவியும் சிறிய வான்கம்பியும் போதும். பேச்சும் தெளிவாகக் கேட்கும். ஆனால் இவை பெரும்பாலும் நேர்ப்பார்வைக்கு எட்டிய தூரமே செல்லும்; குன்று குறுக்கிட்டால் தடைப்படும். ஆகவே விண்ட்சர் லாக்ஸ் நண்பரின் இடத்தில் இப்போது ஓர் இயந்திரம் வந்தமர்ந்தது. மலையுச்சியிலோ உயர்ந்த கட்டடத்திலோ ஒரு கருவியை நிறுவுவார்கள். அது ஓர் அலைவரிசையில் வரும் பேச்சைக் கேட்டு, அக்கணமே வேறோர் அலைவரிசையில் மிகுந்த சக்தியுடன் திரும்பச் சொல்லும். இதற்கு 'ரிப்பீட்டர்' என்று பெயர். அஞ்சல் நிலையம் என்பதே அதன் பொருள். அமெரிக்காவில் 1960களிலும் 1970களிலும் இவை வெகுவாகப் பரவின; பின்னர் பல நாடுகளிலும் அமைந்தன. ஒரு குன்றின் நிலையத்தை அடுத்த குன்றின் நிலையத்தோடு இணைத்துவிட்டால், பள்ளத்தாக்கில் நிற்பவன் கையடக்கக் கருவியைக்கொண்டு மாவட்டங்கள் தாண்டிப் பேசலாம்.

இயந்திரம் வந்தமையால் மனிதன் ஓய்வு பெற்றானா? இல்லை. கோபுரத்தில் ஏறி வான்கம்பியைச் சீர்செய்வது யார்? இடி மின்னலால் பழுதுற்ற கருவியை மழையில் மலையேறிச் சென்று பார்ப்பது யார்? மின்சாரம் நின்றாலும் இயங்குமாறு மின்கலங்களைக் காப்பது யார்? அமெச்சூர் சட்டம் செய்திக்குக் கூலி வாங்குவதை அனுமதிப்பதில்லை. ஆகையால் இச்செலவு முழுவதும் உறுப்பினர்களின் சந்தாவினாலும் நன்கொடையினாலும் நடைபெற வேண்டும். கருவியை நிறுவும் நாளில் கூட்டம் மிகும். பத்தாம் ஆண்டில் அதைத் துடைக்கப் போகிறவர் இருவரோ மூவரோதாம். அவர்கள் ஓய்ந்தால் அந்நிலையமும் ஓயும். ஆதலின் வலையை விரிவாக்க விரும்பும் சங்கம், புதிய கோபுரத்தை எழுப்புவதற்கு முன்னர், அதனைப் பார்த்துக்கொள்ளும் புதிய மனிதனைப் பயிற்ற வேண்டும்.

இவ்வளவு பாடும் எதற்கெனின், நெருக்கடி நேரும் நாளுக்காகவே. மாக்ஸிம் 1936 பிப்ரவரி 17இல் காலமானார். மறுமாதமே கனெக்டிகட் ஆறு பெருவெள்ளமாகப் புரண்டது. ஹார்ட்ஃபோர்டு, விண்ட்சர் லாக்ஸ், ஸ்பிரிங்ஃபீல்டு ஆகிய மூன்றும் அவ்வாற்றங்கரை ஊர்களே. வடகிழக்கு மாநிலங்கள் பலவும் வெள்ளத்திற் சிக்கிய அந்நாட்களில், அமெச்சூர்கள் செய்திகளை ஏற்று அனுப்பித் துணைநின்றார்கள். முதல் அஞ்சல் சென்ற பள்ளத்தாக்கிலேயே அதன் உண்மையான பயன் விளங்கியது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, இந்திய அமெச்சூர் குழு ஒன்று அந்தமானில் போர்ட் பிளேரில் தங்கி, உலகத்து அமெச்சூர்களுடன் பேசிக்கொண்டிருந்தது. அலை தாக்கிய உடனே அவர்கள் தம் பொழுதுபோக்கை நிறுத்தி, தீவுகளில் சிக்கியோரைப் பற்றிய செய்திகளை உறவினர்களுக்கும் அதிகாரிகளுக்கும் சேர்ப்பிக்கலாயினர். அடுத்த ஆண்டு, 2005 மே 5ஆம் நாள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'ஹாம்சாட்' என்னும் சிறு துணைக்கோள் விண்ணுக்கு ஏகியது. அமெச்சூர்களின் பேச்சை வாங்கி மீண்டும் பூமிக்கு அனுப்பும் இரண்டு அஞ்சற் கருவிகள் அதில் இருந்தன. அவற்றுள் ஒன்று நம் நாட்டிற் செய்யப்பட்டது; மற்றொன்றை ஹாலந்து நாட்டு மாணவர் ஒருவர் செய்து அளித்தார். இரண்டு ஆண்டுகள் உழைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட அத்துணைக்கோள் 2014 ஜூலை வரை பணியாற்றியது.

மாணவர்களே! ஊதியத்திற்குச் செய்யும் வேலைக்கு மேலதிகாரியின் கண் காவலாயிருக்கும். தாமாக ஏற்ற வேலைக்குத் தம் மனமே காவல். அதனால் தன்னார்வத் தொண்டில் ஒழுங்கு குறையலாம் என்று எண்ணாதீர்கள். அங்கேதான் அது மிகுதியும் வேண்டும். நீங்கள் சேரும் சங்கம் வானொலிச் சங்கமாக இருக்க வேண்டுவதில்லை. அது படிப்பகமாயினும், இரத்ததானக் குழுவாயினும், உங்கள் கைக்கு வருவதைச் சிதையாமல் வாங்கி, காலந்தாழ்த்தாமல் அடுத்தவர் கையிற் கொடுங்கள். அதற்குமுன், அந்த அடுத்தவர் ஒருவரை ஆயத்தம் செய்து வையுங்கள்.