வானத்திலிருந்து விழுந்த மருந்தும் ஒரு முன்சீப் கோர்ட்டும்



எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, ஏக்கருக்கு எவ்வளவு, எப்போது அடிக்க வேண்டும் என்பதைத்தான் வானொலியில் நாம் வழக்கமாகப் பேசுவோம். இன்றைக்குப் பேச்சு கொஞ்சம் வேறு. அடித்த மருந்து பயிரோடு நிற்காமல் அடுத்தவர் கிணற்றிலும் உடம்பிலும் போய் விழுந்தால் அவர் எங்கே போய்க் கேட்பது? கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில், காசர்கோடு மாவட்டத்தில் நடந்த வரலாறு இதற்கு நல்ல பாடம்.

முதலில் சட்டம் வந்த கதையைப் பார்த்துவிடலாம். 1958-ம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் சாப்பாட்டின் மூலம் பலருக்கு விஷம் ஏறியது. கோதுமை மாவு மூட்டைகளையும் பாரத்தியான் என்ற கொடிய பூச்சிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றி வந்திருந்தார்கள். மருந்து கசிந்து மாவில் இறங்கிவிட்டது. நூறு பேருக்கு மேல் மாண்டு போனார்கள். அந்தச் சம்பவத்தை விசாரிக்கக் கமிஷன் அமைத்தார்கள். அதைத் தொடர்ந்து பிறந்ததுதான் 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டம். அதற்கான விதிகள் 1971-ல் வந்தன.

அந்த விதிகளில் ஒன்று ஆகாயத்திலிருந்து மருந்து தெளிப்பது பற்றியது. குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். அனுமதித்த மருந்தை, அனுமதித்த அளவில், அனுமதித்த உயரத்திலிருந்துதான் தெளிக்க வேண்டும். சம்பந்தமில்லாத ஆட்களும் கால்நடைகளும் அந்த இடத்துக்குள் வராமல் தடுக்க வேண்டும். கழுவிக்கொள்ளவும் முதலுதவி செய்யவும் வசதி இருக்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் காகிதம் சமதரை. காசர்கோடு மேடும் பள்ளமுமான பூமி.

அங்கே குன்றுகளின் மேல் கேரளத் தோட்டக் கழகம் என்ற அரசு நிறுவனத்துக்கு முந்திரித் தோட்டங்கள் இருந்தன. பரப்பு 4,500 ஹெக்டேருக்கு மேல். குன்றின் சரிவிலும் பள்ளத்திலும் வீடுகள், பாக்குத் தோப்புகள், ஓடைகள். மலையைக் குடைந்து ஊற்று நீரை எடுக்கும் 'சுரங்கம்' அந்தப் பக்கத்து வழக்கம். பல குடும்பங்களுக்குக் குடிநீர் அதுதான்.

முந்திரி தளிர்விட்டுப் பூக்கிற பருவத்தில் தேயிலைக் கொசு வரும். இளந்தளிரையும் பூங்கொத்தையும் குத்திச் சாறு உறிஞ்சும். பூங்கொத்து கருகிப் போகும், காய்ப்பு விழுந்துவிடும். இதைக் கட்டுப்படுத்த 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் தெளித்தார்கள். ஆண்டுக்கு இரண்டு, மூன்று தடவை. கிணற்றை ஓலை போட்டு மூடலாம். ஓடையை எதைப் போட்டு மூடுவது?

எண்டோசல்பான் நமக்கும் பழக்கமான பெயர்தான். தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் பருத்திக்கும் துவரைக்கும் பரவலாக அடித்தார்கள். குளோரின் சேர்ந்த மருந்து இது. நரம்புகள் அளவுக்கு மீறித் துடிக்காமல் அடக்கி வைக்க உடம்பில் ஓர் ஏற்பாடு உண்டு. அந்த ஏற்பாட்டை இந்த மருந்து கெடுத்துவிடும். அதனால்தான் அதிக அளவில் உள்ளே போனால் வலிப்பு வருகிறது. மீன்களுக்கு மிகச் சிறு அளவே எமன். அது சிதைந்து உண்டாகும் பொருளும் விஷம்தான். மண்ணில் நீண்ட நாள் தங்கும்.

மாற்றத்தை முதலில் கவனித்தவர்கள் அந்த ஊர்க்காரர்களே. விவசாயப் பத்திரிகையாளரான ஸ்ரீ பத்ரே 1970-களின் கடைசியிலேயே, ஊனத்தோடு பிறந்த கன்றுகளைப் பற்றி எழுதினார். பத்ரே கிராமத்தில் வைத்தியம் பார்த்து வந்த டாக்டர் மோகன்குமார், சின்னஞ்சிறு வட்டாரத்துக்குள் மனவளர்ச்சிக் குறைவும் வலிப்பும் புற்றுநோயும் இவ்வளவு ஏன் என்று யோசித்தார். மற்ற மருத்துவர்களுக்கும் எழுதிக் கேட்டார். கேள்விகள் எழுந்தன. ஆனால் ஹெலிகாப்டர் நிற்கவில்லை.

அதை நிறுத்தியவர் லீலாகுமாரியம்மா. புல்லூர்-பெரியா பஞ்சாயத்தில் வேளாண் உதவியாளராக வேலை பார்த்தவர். ஆக, நம் துறைக்காரர்தான். தோட்டத்தை ஒட்டி அவர் வீடு. மருந்து விழுந்த பிறகு வீட்டில் உடல்நலக் கேடு, தண்ணீரில் செத்து மிதக்கும் மீன் எல்லாவற்றையும் நேரில் பார்த்தார். அக்கம்பக்கத்தாரிடம் கையெழுத்து வாங்கி அதிகாரிகளுக்கு மனு எழுதினார். பலன் இல்லை. 1998-ல் ஹோஸ்துர்க் முன்சீப் கோர்ட்டுக்குப் போனார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் போனது டெல்லிக்கு அல்ல, உயர்நீதிமன்றத்துக்கும் அல்ல. வரப்புத் தகராறும் வாடகைத் தகராறும் நடக்கிற கீழ்க்கோர்ட்டுக்கு. அவர் கேட்டதும் மிகச் சுருக்கம்: "ஆகாயத்திலிருந்து தெளிப்பதை நிறுத்துங்கள்." இவ்வளவுதான். இன்ன நோய் இந்த மருந்தால்தான் வந்தது என்று ஒருவர் நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆராய்ச்சிக்கூடமும் நிபுணரும் வேண்டும். ஆனால் தோட்டத்தில் தெளிக்கிற மருந்து தோட்ட எல்லையைத் தாண்டி என் வீட்டில் விழுகிறது என்று காட்ட, கண்ணால் கண்ட சாட்சியே போதும். கோர்ட் முதலில் இடைக்காலத் தடை கொடுத்தது. 2000-ம் ஆண்டு அக்டோபரில் தீர்ப்பும் அவர் பக்கமே வந்தது. மேல்முறையீட்டிலும் அந்தத் தடை நீங்கவில்லை. இருபது ஆண்டுக்கு மேலாகப் பறந்த ஹெலிகாப்டரை ஒரு கீழ்க்கோர்ட் உத்தரவு தரையிறக்கியது.

நோய்க்கு மருந்துதான் காரணமா என்ற வாதம் அதன் பிறகும் ஓயவில்லை. ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிலையம் பத்ரே கிராமத்துப் பிள்ளைகளைப் பரிசோதித்தது. மருந்து விழுந்த பகுதிப் பையன்கள் 117 பேரையும், விழாத பகுதிப் பையன்கள் 90 பேரையும் ஒப்பிட்டு 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து விழுந்த பகுதியில் அதிகம் பேருடைய ரத்தத்தில் எண்டோசல்பான் இருந்தது. பருவ வளர்ச்சியும் பின்தங்கியிருந்தது. மறுபுறம் மத்திய அரசு அமைத்த குழுக்கள், நோய்க்கும் மருந்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்றன. எல்லாம் நிரூபணமான பிறகுதான் நிறுத்துவோம் என்று அந்த அம்மா காத்திருந்தால், அத்தனை வருஷமும் தெளிப்பு தொடர்ந்திருக்கும். அறிவியல் விவாதம் ஒரு பக்கம் நடக்கட்டும்; ஓடையில் விழுவது உடனே நிற்கட்டும். இதுதான் அந்த வழக்கின் பெறுமதி.

அதன் பின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2005-ல் கேரளத்தில் எண்டோசல்பானுக்கு மத்திய அரசே தடை போட்டது. 2011 ஏப்ரலில், உலக நாடுகள் படிப்படியாக ஒழிக்க வேண்டிய ரசாயனங்களின் பட்டியலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை மாநாடு இதைச் சேர்த்தது. 2011 மே 13-ம் தேதி உச்சநீதிமன்றம் நாடு முழுவதும் இதன் உற்பத்தி, விற்பனை, உபயோகம் மூன்றுக்கும் இடைக்காலத் தடை விதித்தது.

இனி நஷ்டஈட்டுக் கதை. இது வேறு ரகம். 2010 டிசம்பரில் தேசிய மனித உரிமை ஆணையம், இறந்தவர் குடும்பத்துக்கும் படுக்கையிலேயே கிடப்பவர்களுக்கும் 5 லட்சம், மற்ற ஊனமுற்றோருக்கு 3 லட்சம் ரூபாய் தரச் சிபாரிசு செய்தது. 2017 ஜனவரி 10-ம் தேதி உச்சநீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாயை மூன்று மாதத்துக்குள் கொடுக்கும்படி கேரள அரசுக்கு உத்தரவிட்டது. மூன்று மாதம் ஐந்து வருஷமாயிற்று. கோர்ட் அவமதிப்பு வழக்கோடு எட்டுப் பேர் மறுபடி டெல்லிக்குப் போனார்கள். 2022 மே 13-ம் தேதி உச்சநீதிமன்றம் கணக்குப் பார்த்தபோது பட்டியலில் 3,704 பேர் இருந்தார்கள். 5 லட்சம் போய்ச் சேர்ந்திருந்தது, வழக்குப் போட்ட அந்த எட்டுப் பேருக்கு மட்டும்! தேதியைக் கவனித்தீர்களா? நாடு தழுவிய தடை வந்து சரியாகப் பதினொரு வருஷம். கோர்ட் கண்டித்த பிறகுதான் மற்றவர்களுக்கும் பட்டுவாடா வேகம் பிடித்தது.

ஆக, தீர்ப்பு கிடைப்பது ஒன்று, பணம் கைக்கு வருவது இன்னொன்று. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைந்த தாய்மாருக்கு அந்தப் பதினொரு வருஷத்தை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தர முடியாது. அதனால்தான் தடையை முதலில் கேளுங்கள், உடனே கேளுங்கள் என்கிறேன்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

உடம்பில் மருந்து பட்டால் முதலில் ஆஸ்பத்திரி, வக்கீல் அப்புறம். போகும்போது மருந்துப் பாட்டிலையோ அதன் லேபிளையோ கையோடு கொண்டு போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான வைத்தியம் பார்க்க முடியும். அதே லேபிளில் உள்ள தொகுதி எண், தயாரித்த தேதி, கடை ரசீது ஆகியவை பின்னால் சாட்சியாகும். ஆஸ்பத்திரியில் எந்த மருந்து, எப்படிப் பட்டது என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். சீட்டுகளைக் கிழித்துப் போடாதீர்கள்.

அன்றன்றைக்கு எழுதி வையுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், யார் தெளித்தது, என்ன செத்தது, யார் பார்த்தது. பள்ளிக்கூட நோட்டுப் போதும். மீனோ ஆடு மாடோ செத்தால் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவருக்கும் வேளாண் அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், பெரும் விபத்தில் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு 2010-ம் ஆண்டுச் சட்டப்படி பசுமைத் தீர்ப்பாயம் அமைந்திருக்கிறது. சென்னையில் அதன் தென் மண்டல அமர்வு உண்டு. அங்கே நஷ்டஈடு கேட்க ஐந்து ஆண்டு வரம்பு இருக்கிறது. உங்கள் வழக்கு எங்கே நிற்கும் என்று வக்கீலைக் கேட்டு முடிவு செய்யுங்கள், நாளைக் கடத்தாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஹெலிகாப்டர் போய் இப்போது நம் வயல்களுக்கு ட்ரோன் வந்திருக்கிறது. ஆள் பற்றாக்குறைக்கு நல்ல உதவிதான். அதற்கும் 2021-ல் மத்திய வேளாண் அமைச்சகம் நடைமுறை விதிகளை வெளியிட்டது. நீங்கள் ட்ரோன் அமர்த்துகிறவராக இருந்தால் பக்கத்து வயல்காரருக்கு முதல் நாளே சொல்லுங்கள். காற்றுப் பார்த்துத் தெளியுங்கள். கிணறு, குளம், வீடு பக்கம் போக விடாதீர்கள். பக்கத்து வயல்காரராக இருந்தால் "எப்போது, என்ன மருந்து?" என்று கேளுங்கள். அது சண்டை அல்ல, உங்கள் உரிமை. வரப்பு ஓரத்தில் கேட்டு முடிக்க வேண்டியதை டெல்லி வரை கொண்டு போனால் எத்தனை வருஷம் ஆகும் என்பதைக் காசர்கோட்டு ஜனங்கள் அனுபவித்துக் காட்டிவிட்டார்கள்.