துருவின் நிறம்

என்னட்டை இருக்கிற மைகளிலே எனக்கு ஆகப் பிடிச்சது ஒரு செம்புக் கபிலம். கொப்பியிலே எழுதேக்கை தேத்தண்ணிச் சாயம்போல ஓடும். மை தேங்கி நிற்கிற முனைகளிலே புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடத்தின் அடிபோல இருண்டு சிவக்கும். இரண்டு நாள் எழுதாமல் விட்டால் நிப்பிலே பொருக்குப் பிடிக்கும். துடைச்சுத் துடைச்சு எழுதுறன். பெயரிலே செம்பு இருக்கே தவிர உள்ளே செம்பு இல்லை, எல்லாம் சாயம்தான்.

இந்த நிறத்தைப் பார்த்ததும் 'பழசு' என்று ஏன் தோன்றுகிறது? பழைய கையெழுத்துகள் எல்லாம் இந்த நிறத்திலே இருப்பதால்தான். 4ஆம் நூற்றாண்டின் சினாய் விவிலியச் சுவடி, 1215இன் மக்னா கார்ட்டா, பாக்கின் இசைத்தாள்கள் எல்லாமே கபிலம். ஆனால் அவற்றை எழுதியவர்கள் கபிலத்திலே எழுதவில்லை. அவர்கள் எழுதினது கறுப்பு மையாலே.

அந்த மையின் சரக்கு இரண்டும் எங்கட நாட்டுவைத்தியருக்குத் தெரிந்தவைதான்: மாசிக்காய், அன்னபேதி. மாசிக்காய் உண்மையிலே காய் இல்லை. ஓக் மரத்தின் மொட்டிலே ஒரு சின்னக் குளவி முட்டையிட, மரம் அதைச் சுற்றி வீங்கி உருண்டையாக்கும். அதிலே துவர்ப்புச் சத்து நிறைய. அன்னபேதி இரும்பு உப்பு. இரண்டையும் தண்ணீரிலே சேர்த்து, பிசினும் கலந்தால் மை. எழுதும்போது வெளிறி இருக்கும். காற்றுப் பட்டதும் தாளின் நாருக்குள்ளேயே கறுக்கும். தண்ணிக்கும் போகாது, சுரண்டினாலும் லேசிலே போகாது. பகிடி என்னவென்றால், அன்னபேதியை இங்கிலாந்திலே 'கொப்பரஸ்' என்று அழைத்தார்கள். அதிலும் செம்பு இல்லை!

காலம் போகப் போக அந்தக் கறுப்புச் சேர்மம் சிதைந்து இரும்பு துருவின் நிறத்துக்கு வந்துவிடும். நாங்கள் ரசிக்கிற 'பழங்காலக் கபிலம்' உண்மையிலே ஒரு நோயின் நிறம். (கணவாய் மையிலிருந்து எடுத்த சேபியா வேறு; அது பிறவியிலேயே கபிலம்.)

நோய் நிறத்தோடு நிற்பதுமில்லை. மை உண்டாகும்போதே அமிலமும் உண்டாகிறது. அன்னபேதி அளவுக்கு மிஞ்சினால் மிஞ்சிய இரும்பும் அமிலமும் சேர்ந்து தாளின் நாரை அரிக்கும். முதலிலே எழுத்தைச் சுற்றி ஒரு மங்கல் வளையம், பிறகு வெடிப்பு, கடைசியிலே எழுத்தே ஓட்டையாகி விழும். பாக்கின் தாள்கள் சில இப்படித்தான் துளைபட்டன.

எங்கள் ஓலைகளுக்கு இந்த வருத்தம் இல்லை. எழுத்தாணியாலே கீறி, கரி பூசினால் சரி. கரி யாரையும் அரிக்காது. (செல் அரிக்கும், அது வேறு கதை.) ஆனால் 1658இலே யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தாளிலே எழுதினார்கள், அந்த மையாலே. அவர்களின் கொம்பனி ஆவணங்களிலே ஒரு பகுதி கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்திலே இருக்கிறது. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிலும் ஏறிவிட்டது. அவர்கள் விட்டுப்போன தோம்புகளிலே ஆரிடம் எந்தக் காணி, என்ன மரம் என்றெல்லாம் இருக்கும். காணியை அளந்து எழுதின மையே அந்தக் கணக்கைத் தின்னுது, பாருங்கோ. நெதர்லாந்திலே உருவாக்கிய ஒரு சிகிச்சை இருக்கிறது: தாளைக் கல்சியம் பைற்றேற் கரைசலிலே ஊறவைத்தால் இரும்பு கட்டுப்படும். ஆனால் தாள் தாளாக ஊறவைக்க வேணும். அதற்குக் காசும் ஆளும் வேணும்.

1856இலே பேர்கின் செயற்கைச் சாயம் கண்டுபிடித்த பிறகு மைக்கும் சாயங்கள் வந்தன. ஊற்றுப்பேனைக்கு அது நல்ல காலம். பழைய மை உருக்கு நிப்பை அரித்தது; தங்க நிப்புக்கு மவுசு வந்ததிலே அதற்கும் பங்குண்டு. ஆனாலும் அழியக்கூடாத பதிவுகளுக்கு இரும்பு மையையே நம்பினார்கள். 'பதிவாளர் மை' என்று இப்பவும் விற்கிறார்கள்.

அம்மம்மாவின் றங்குப்பெட்டிக்குள்ளே ஒரு காணி உறுதி கிடக்கிறது. மடிப்பிலே நாலாக வெடித்துவிட்டது, எழுத்து என்ர மையின் அதே நிறம். போன கிழமை அதைப் பார்த்து, எல்லைகளை ஒவ்வொரு வரியாக என்ர கொப்பியிலே எழுதிக்கொண்டிருந்தேன். ஆசையிலே செம்பு மையாலேதான் தொடங்கினேன். இரண்டாவது பக்கத்திலே தேத்தண்ணி ஒரு சொட்டு விழுந்தது. வடக்கெல்லை முழுக்கக் கரைந்து போச்சு.

உறுதியிலே அந்த வரி அப்படியே இருந்தது. அதைப் பார்த்துப் பென்சிலாலே திருப்பி எழுதினேன்.