தைப்பிங் ஏரிக்கரையில் ஒரு நாள்

தைப்பிங் என்றாலே மழை என்பார்கள். பகாவிலிருந்து விடியற்காலை பஸ் ஏறிய நாங்களும் மழையில்தான் போய் இறங்கினோம்.

பிள்ளைகள் அந்த ஏரியை இயற்கையானது என்றே நினைத்தார்கள். இல்லை, ஈயம் தோண்டி எடுத்துக் கைவிட்ட பள்ளங்கள் அவை. 1880இல் பூங்காவாக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் கீ ஹின், ஹாய் சான் என்ற இரு சீனக் கூட்டத்தார் இந்தச் சுரங்கங்களுக்காகப் பல்லாண்டு வெட்டிக்கொண்டார்கள். 1874 பங்கோர் உடன்படிக்கையில்தான் சண்டை ஓய்ந்தது. தைப்பிங் என்றால் பேரமைதி.

வியாபாரிகளான எங்களுக்குப் பிடித்தது ரயில் கதை. ஈயத்தைத் துறைமுகம் சேர்க்க 1885 ஜூன் 1இல் இங்கிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியதுதான் நாட்டின் முதல் ரயில். தூரம் 13 கிலோமீட்டர்கூட இல்லை! நம் பகாவுக்கு ரயில் வர 1910 ஆயிற்று. நம் பாட்டன்மார் பலர் துணிமூட்டையோடு வந்து இறங்கியது அந்த ஸ்டேஷனில்தான்.

ஏரியைத் தாண்டி மலைக்குப் போகும் சாலையில் போர்வீரர் கல்லறைகள். ஒருபக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் இந்தியப் படையின் முஸ்லிம், இந்து, கூர்க்கா வீரர்கள். ஜப்பானியரை எதிர்த்து நின்று மாண்டவர்கள். 850க்கு மேற்பட்ட கல்லறைகளில் 500க்கு மேல் யாருடையது என்றே தெரியாதவை. மழையோடு நின்று பாத்திஹா ஓதினோம்.

"நம்ம தோட்டத்து மையவாடியிலயும் மீஸான் கல்லுல பேரில்லாம எத்தனை பேரு," என்றார் கூட வந்த பெரியவர். திரும்பும்போது பஸ்ஸிலேயே அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினோம். இதுவரை 23 பெயர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்ததையும் கேட்டுச் சொல்லுங்கள்.