பீட்டரிலிருந்து டாம்பிங் எந்திரம் வரை: வலியசாலையருகே செல்லும் இருப்புப்பாதையும் அதன் காப்பு வரலாறும்

திருவனந்தபுரத்து வலியசாலை தமிழ் ஆய்வாளர்களுக்குப் புதிய பெயரன்று. சோழர் கல்வெட்டுகள் பேசும் காந்தளூர்ச் சாலையை இங்குள்ள மகாதேவர் கோயிலோடு இணைத்து ஆராயும் மரபு நீண்டது. கோயிலைச் சூழ்ந்த அக்கிரகாரத் தெருக்களில் தமிழ் இன்றும் வீட்டுமொழியாக வழங்குகிறது. இவ்வூருக்கு அருகே தம்பானூர் நிலையத்திலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதைக்கும் ஒரு வரலாறு உண்டு. அது கல்வெட்டு வரலாற்றைப் போலக் கவனம் பெறவில்லை. எந்தப் பாதை எந்த ஆண்டில் திறக்கப்பட்டது என்பதை நூல்கள் சொல்கின்றன. திறக்கப்பட்ட பாதை நாள்தோறும் எவ்வாறு காக்கப்பட்டது, அந்த வேலை கையிலிருந்து எந்திரத்துக்கு ஏன் மாறியது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

திறப்பு விழாக்களின் வரிசை தெளிவானது. 1904-இல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே மீட்டர் பாதை வந்தது. 1918-இல் அது திருவனந்தபுரத்தின் சாக்கை வரை நீண்டது. 1931 நவம்பர் 4 அன்று தம்பானூர் நிலையம் திறக்கப்பட்டது. 1976-இல் கொல்லம் – திருவனந்தபுரம் பகுதி அகலப்பாதையாயிற்று. 1979 ஏப்ரலில் நாகர்கோவில், கன்னியாகுமரிப் பாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று திருவனந்தபுரம் கோட்டம் உருவானது. மலையாளமும் தமிழும் பேசும் நிலப்பகுதிகள் ஒரே கோட்டத்துக்குள் அமைந்ததால், பாதையைக் காத்த தொழிலாளர்களிடையே இரு மொழிகளும் புழங்கின.

பாதை ஏன் ஓயாது காக்கப்பட வேண்டும் என்பதை முதலில் விளக்குவது நலம். வண்டியின் சுமை தண்டவாளத்திலிருந்து ஸ்லீப்பர் கட்டைக்கும், கட்டையிலிருந்து ஜல்லிக்கும், ஜல்லியிலிருந்து மண்ணுக்கும் இறங்குகிறது. ஜல்லி இறுகிய அடித்தளம் அன்று, அசையக்கூடிய கற்படுகை. ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் கற்கள் சிறிதே இடம்பெயர்கின்றன, அவற்றின் முனைகள் தேய்கின்றன, கட்டைகளின் அடியில் வெற்றிடம் தோன்றுகிறது. நீர் வடியாத இடங்களில் அடிமண் சேறாகி ஜல்லிக்குள் ஏறுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் தென்கேரளத்தில் இவ்விடர் கூடுதல். ஆயினும் ஜல்லியின் குறையே அதன் பயனும் ஆகும். அசையும் கற்களை மீண்டும் அடுக்க முடியும். தாழ்ந்த பாதையை மீண்டும் உயர்த்த முடியும். இருப்புப்பாதைக் காப்பு என்பது அடிப்படையில் இந்த மறு அடுக்கலே.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அதைச் செய்தது கேங் எனப்படும் தொழிலாளர் குழு. ஒரு மேட், ஒரு கீமேன், அவர்களோடு கேங்மேன்கள். பொறுப்பில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் பாதை. கடப்பாரை, மண்வெட்டி, ஜல்லி வாரும் முள்வாரி, பீட்டர் ஆகியவையே கருவிகள். பீட்டர் என்பது குந்தாலியைப் போன்றது; அதன் ஒரு முனை மழுங்கியிருக்கும். ஒரு கட்டைக்கு நால்வர் நிற்பர். ஒவ்வொரு தண்டவாளத்தின் அருகிலும் இருவர் முதுகோடு முதுகாக நின்று, மழுங்கிய முனையால் ஜல்லியைக் கட்டையின் அடியில் அடித்துச் செலுத்துவர். ஜல்லியை அகற்றுதல், தண்டவாளத்தைச் சோதித்தல், கட்டைகளை நேராக்குதல், பாதையை வரிசைக்குக் கொணர்தல், அகலத்தைச் சரிசெய்தல், அடித்து நிரப்புதல், ஜல்லியை மீண்டும் மூடி ஒழுங்குபடுத்துதல் எனப் படிப்படியான இம்முறைக்கு ‘த்ரூ பேக்கிங்’ என்று பெயர்.

இதைத் தசை உழைப்பு என்று மட்டும் வகைப்படுத்துவது பிழை. பாதை எங்கே தாழ்ந்திருக்கிறது என்பதை மேட் தண்டவாள மட்டத்துக்குத் தலையைத் தாழ்த்தி, அதன் நீளத்தைக் கண்ணால் அளந்து கண்டறிந்தார். கட்டையின் அடியில் வெற்றிடம் உண்டா என்பதை அதன் முனையைத் தட்டி எழும் ஒலியால் அறிந்தனர். நிரம்பிய கட்டையின் ஒலி வேறு. வெற்றிடம் கொண்ட கட்டையின் ஒலி வேறு. எந்தக் கட்டையை இன்று தொட வேண்டும், எதை விட்டுவைக்கலாம் என்னும் முடிவு கண்ணையும் காதையும் நம்பி எடுக்கப்பட்டது. கேங் தன் பகுதியை ஆண்டுதோறும் அறிந்திருந்தது. இந்த வளைவில் நீர் தேங்கும், அந்தக் கரையில் மண் இளகும் என்பது அதன் நினைவில் இருந்தது.

இந்த வேலையை எந்திரம் ஏன் எடுத்துக்கொண்டது? மனித உழைப்பின் செலவைக் குறைக்க என்பது வழக்கமான விடை. அது பாதி உண்மை. உண்மையான திருப்பம் கட்டையில் நிகழ்ந்தது. மரக்கட்டைக்குப் பற்றாக்குறை நேர்ந்தது. இந்தியாவில் பெரிதும் புழங்கிய சி.எஸ்.டி.-9 வார்ப்பிரும்புக் கட்டைகளில் தண்டவாளத்தைப் பற்றிய ஆப்புகள் அதிர்வில் தளர்ந்தன. அவற்றை நாள்தோறும் அடித்து இறுக்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைக்கும் முறை பரவியது. இணைப்புகள் குறைந்தமையால் தடதடப்பும் தேய்மானமும் குறைந்தன. ஆனால் நீண்ட தண்டவாளம் வெயிலில் விரிய முயன்று பக்கவாட்டில் நெளியும் ஆபத்து கூடியது. அதைப் பிடித்து நிறுத்தக் கனமான கட்டை தேவைப்பட்டது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து இந்திய ரயில்வே முன்தகைவுக் கான்கிரீட் கட்டைகளை ஏற்றது அதனால்தான்.

அகலப்பாதைக் கான்கிரீட் கட்டை ஒன்றின் எடை சுமார் 285 கிலோ. கிலோமீட்டருக்கு 1,660 கட்டைகள் என்பது முதன்மைத் தடங்களில் வழங்கும் செறிவு. இதை நால்வர் கடப்பாரையால் எளிதில் நகர்த்த முடியாது. பீட்டரின் அடி கான்கிரீட்டின் விளிம்பை உடைக்கும். ஆகவே கைமுறையை எந்திரம் நேர்ப்போட்டியில் வென்றது என்பதைவிட, கைமுறைக்கு இடம் தராத ஒரு பாதை முதலில் வந்தது என்பதே பொருத்தம். புதிய கட்டையின்றி எந்திரத்துக்கு இத்தனை தேவை எழுந்திராது. எந்திரமின்றிப் புதிய கட்டை நிலைத்திராது.

எந்திரத்தின் பிறப்பிடம் ஐரோப்பா. போர் முடிந்த 1945-இல் சுவிட்சர்லாந்தில் மாட்டிசா நிறுவனமும், 1953-இல் ஆஸ்திரியாவில் பிளாசர் & தாய்ரர் நிறுவனமும் தோன்றின. இந்தியப் பாதைகளில் டாம்பிங் எந்திரங்கள் 1960-களில் இடம்பெறத் தொடங்கின. 1965-இல் பிளாசர் இந்தியா நிறுவப்பட்டது. ஃபரீதாபாத்தில் அதன் தொழிற்சாலை அமைந்தது. எந்திரத்தின் செயல்முறை பீட்டரின் தத்துவத்தையே நீரியல் விசையால் செய்வதாகும். அது தண்டவாளத்தைப் பற்றி உரிய மட்டத்துக்கு உயர்த்துகிறது. தேவையெனில் பக்கவாட்டில் நகர்த்துகிறது. நொடிக்கு 35 முறை அதிரும் எஃகு நாக்குகள் ஜல்லிக்குள் இறங்கி, இருபுறமிருந்தும் நெருக்கிக் கட்டையின் அடியில் கற்களைச் செறிக்கின்றன. ஒரே வேளையில் இரு கட்டைகளைச் செறிக்கும் எந்திரத்துக்கு 32 நாக்குகள். பழைய வகைகள் கட்டைக்குக் கட்டை நின்று நின்று நகர்ந்தன. 1983-இல் அறிமுகமான தொடர்நகர்வு வகையில் எந்திரம் நிற்காமல் செல்லும். செறிக்கும் பகுதி மட்டும் தனிச் சட்டத்தில் நின்று நகரும். கனமான முழு எந்திரமும் ஒவ்வொரு கட்டையிலும் குலுங்கி நிற்பது இதனால் ஒழிந்தது, வேலையும் விரைந்தது.

ஓர் எந்திரம் மற்றோர் எந்திரத்தைக் கோரியது என்பது இவ்வரலாற்றின் குறிப்பிடத்தக்க கூறு. டாம்பிங் செய்தவுடன் ஜல்லி குலைந்து, பாதையின் பக்கவாட்டுப் பிடி குறைகிறது. எனவே வண்டிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். அல்லது பாதையை அதிர்த்து அமர்த்தும் நிலைப்படுத்தும் எந்திரம் பின்னால் வர வேண்டும். சேறேறிய ஜல்லியை எத்தனை முறை செறித்தாலும் பயனில்லை. ஆகவே கட்டைக்கு அடியில் சங்கிலி செலுத்தி ஜல்லியை வாரிச் சலிக்கும் எந்திரம் வந்தது. சலித்த ஜல்லியைப் பரப்பி ஒழுங்கு செய்ய மற்றொன்று. தண்டவாளங்கள் கிளைபிரியும் இடங்களுக்கென யூனிமேட் என்னும் தனிவகை. இன்னொரு சிக்கலும் எழுந்தது. ஒவ்வொரு செறிப்பும் கற்களை ஓரளவு நொறுக்குகிறது. தேவையில்லாத இடத்தில் செறிப்பது பாதையின் ஆயுளைக் குறைக்கிறது. எங்கே செறிக்க வேண்டும் என்று அளந்து அறிய, முன்பு ஹாலேட் பதிவுக்கருவியும் பின்னர்ப் பாதைப்பதிவு வண்டிகளும் பயன்பட்டன. மேட்டின் கண் செய்த பணியின் ஒரு பகுதி இவ்வாறு வரைபடமாயிற்று.

எந்திரம் மாற்றிய மற்றொன்று காலம். கேங் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடைப்பட்ட நேரத்தில் சிவப்புக்கொடியின் காவலில் வேலை செய்தது. வண்டி வந்தால் ஒதுங்கியது. எந்திரமோ தானே ஒரு வண்டி. அது தடத்தை அடைத்துக்கொள்கிறது. போக்குவரத்தை நிறுத்திய இடைவெளி அதற்குத் தேவை. ரயில்வே வழக்கில் அதற்கு ‘பிளாக்’ என்று பெயர். வண்டிகள் நெருங்கி ஓடும் பாதையில், அதுவும் ஒற்றைத் தடத்தில், அது கிடைத்தற்கரிய பொருள். முன்பு பராமரிப்பின் அளவைத் தீர்மானித்தது கைகளின் எண்ணிக்கை. இப்போது தீர்மானிப்பது கால அட்டவணை. விலையுயர்ந்த எந்திரம் பிளாக் கிடைக்காமல் பக்கத்தடத்தில் காத்திருந்தால், எந்திரமயமாக்கம் என்னும் சொல்லின் பொருள் பாதியாகிவிடுகிறது.

தொழிலாளர் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் இக்கதை முழுமை பெறும். எந்திரங்கள் பரவிய காலமே 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தின் காலமும் ஆகும். பாதை மாற்றம், புதிய பாதை அமைத்தல் போன்ற திட்டப் பணிகள் நாடெங்கும் தற்காலிகத் தொழிலாளர்களைப் பெருமளவில் நம்பியிருந்தன. 360 நாள் தொடர்ந்து பணியாற்றிய திட்டத் தொழிலாளர்களைப் படிப்படியாக நிலைப்படுத்தும் வழி, 1985-இல் இந்தர்பால் யாதவ் வழக்கில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பால் வகுக்கப்பட்டது. எந்திர இறக்குமதி பற்றிய ஆவணங்களில் இவ்வழக்கு இடம்பெறாது. வழக்கு ஆவணங்களில் டாம்பிங் எந்திரம் இடம்பெறாது. இரண்டையும் ஒருங்கே வாசிக்காத ஆய்வு, பாதையை ஒருபுறத் தண்டவாளத்தோடு வரைவதற்கு ஒப்பாகும்.

எந்திரம் வந்தபின் கேங் மறைந்ததா என்றால், இல்லை. இந்திய ரயில்வே எந்திரவழிப் பராமரிப்பை மூன்று அடுக்காக வகுத்தது: பெரிய எந்திரங்களின் அணி, சிறு கருவிகளோடு விரையும் நடமாடும் அணி, பகுதிக்குரிய கேங். சுற்றுமுறைச் செறிப்பு முதல் அணிக்குப் போயிற்று. ரோந்து, அவசரப் பழுது, வடிகால், தனித்த தாழ்வுகளைச் சரிசெய்தல் ஆகியவை கேங்கிடமே தங்கின. கேங்மேன் என்னும் பெயர் டிராக்மேன் என்றும், பின்னர் டிராக் மெயின்டெயினர் என்றும் மாறியது. வண்டி வருவதை முன்கூட்டி உணர்த்தும் கையடக்கக் கருவிகள் இன்றும் தேவைப்படுவது, மனித உடல் இன்னும் தடத்தின் நடுவில் நிற்கிறது என்பதற்குச் சான்று.

கீமேன் என்னும் பெயரின் வரலாறு இங்கே கருதத்தக்கது. ‘கீ’ என்பது தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிய ஆப்பு. கான்கிரீட் கட்டையில் அந்த ஆப்பு இல்லை; வளைந்த எஃகுப் பிடிகள் உள்ளன. ஆப்பு போய்விட்டது, கீமேன் இருக்கிறார். நாள்தோறும் தம் பகுதி முழுவதும் நடந்து, கழன்ற பிடியையும் விரிசல் கண்ட தண்டவாளத்தையும் தேடுகிறார். பாதையின் அடி அடியான அறிவு இன்றும் அந்த நடையில்தான் சேகரமாகிறது.

அவ்வறிவின் எழுத்துச் சான்று கேங் டைரிகளும் கேங் சார்ட்டுகளும் ஆகும். எந்த நாளில், எந்தக் கிலோமீட்டரில், எத்தனை பேர், எந்த வேலையைச் செய்தனர் என்பதை அவை சொல்லும். எந்திரத்தின் மாதிரி எண்களும் கொள்முதல் கோப்புகளும் எந்திரத்தின் வரலாற்றைத் தரக்கூடும். பாதையின் வரலாற்றைத் தருவன டைரிகளே. சாலை என்னும் ஒரு சொல்லுக்காகக் கல்வெட்டுகளைப் பன்முறை வாசித்த புலமை மரபு வலியசாலையைச் சூழ்ந்து வளர்ந்தது. அதே நுணுக்கம் அவ்வூரருகே செல்லும் தண்டவாளத்தின் டைரிகளுக்கும் வாய்க்குமாயின், தென்னிந்தியத் தொழில்நுட்ப வரலாறு எந்திரத்தோடு நின்றுவிடாமல் அதைச் சூழ்ந்த மனிதர்களையும் உள்ளடக்கும்.