டிஸ்க் 'விலகிய' வரலாறு

காமர்ஸ் படிக்கிறவனுக்கு முதுகெலும்பைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். தோல் ஷாப்பில் ஈரத்தோல் தூக்குகிறவர்களும், நாள் முழுக்கக் குனிந்து ஷூ தைக்கிறவர்களும் இருக்கிற பேரணாம்பட்டில், "டிஸ்க் விலகிடுச்சு" என்ற பேச்சைக் கேட்காமல் வளர முடியாது. அந்தப் பேச்சின் கதையைத் தேடியபோது கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விஷயம். டிஸ்க் விலகுவதே இல்லை! முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது டிஸ்க். வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே கூழ். வளையம் கிழிந்தால் கூழ் பிதுங்கிப் பக்கத்து நரம்பு வேரை அழுத்தும், எரிச்சலூட்டும். கோளாறு இடுப்பில், வலியோ காலில். இதுதான் சயாட்டிகா.

இந்த வலி நரம்பிலிருந்து வருகிறது என்று 1764-ல் எழுதியவர் இத்தாலியின் நேப்பிள்ஸ் மருத்துவர் கோட்டூனியோ. நரம்பின் உறைக்குள் நீர் சேர்வதே காரணம் என்றும் நினைத்தார். இடம் சரி, காரணம் தப்பு! இன்றும் டாக்டர் நம்மைப் படுக்க வைத்துக் காலை நீட்டியபடி தூக்கிப் பார்க்கிறாரே, அந்தச் சோதனை பாரிஸ் மருத்துவர் லாசேக் பெயரில் வழங்குகிறது. 1881-ல் அதை எழுதி வெளியிட்டது அவருடைய மாணவர் ஃபோர்ஸ்ட்.

உண்மைக் காரணம் தெரிய 1934 வரை ஆனது. அதுவரை அறுவையில் எடுத்த துண்டுகளைக் குருத்தெலும்புக் கட்டி என்றே பலர் நினைத்தார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இருவர் அவற்றைத் திரும்ப ஆராய்ந்து, "இது கட்டி இல்லை, கிழிந்த டிஸ்க்" என்று 1934-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அதன்பின் டிஸ்க் அறுவை உலகமெங்கும் பரவியது.

நம்ம பக்கம்? 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். கனடாவில் பென்ஃபீல்டிடம் பயின்றவர். அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி.ராமமூர்த்தி தொடங்கினார். அதே சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ், 1954 விபத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்தார். பின்பு அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறைக்கே தலைமை ஏற்றார். முதுகுக்கு வைத்தியம் என்றால் கத்தி மட்டுமில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. 1983-ல் நார்வேயின் வெபர் 126 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்டார். முதல் வருடம் அறுவை செய்தவர்கள் முன்னே. நாலு வருடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 1994-ல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பாதிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு டிஸ்க் புடைத்திருந்தது! அதாவது ரிப்போர்ட்டில் "டிஸ்க் பல்ஜ்" என்று இருந்தாலே வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. பிதுங்கிய கூழை உடலே மெல்லக் கரைப்பதும் உண்டு. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி குறைகிறது.

நம் ஊரில் இது வெறும் வரலாறு இல்லை, கூலிக் கணக்கு. "விலகிடுச்சு" என்று சொன்னால், யாராவது இழுத்துத் தட்டினால் திரும்ப உட்கார்ந்துவிடும் என்று மனசு நம்பும். உருவி விடக் காசு போகும். இல்லையென்றால் "இனி எழவே முடியாது" என்ற பயத்தில் படுத்தே கிடப்பார்கள், வேலை போகும். இரண்டுமே நஷ்டம். வலிக்கு மருந்து, முடிந்தவரை நடமாட்டம், பிசியோதெரபி, கொஞ்சம் பொறுமை. இவ்வளவில் தேறுகிறவர்களே அதிகம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, தொடை இடுக்கு மரத்துப் போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரி!

உங்கள் ஊரில் இந்த வலிக்கு என்ன பெயர்? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.