எல்கடுவ மலைப்பாதையும் எஞ்சின் கவசமும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை என் அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். எல்கடுவப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியனாக இருப்பவன். பாவித்த ஜப்பானிய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கடன்பட்டு வாங்கியிருக்கிறான்.

"மாமா, எஞ்சினுக்குக் கவசம் போடலாமா, வேணாமா? ரெண்டு பக்கத்துக்கும் மூடி, அடியில ஒரு தகடு. எல்லாம் போட்டா சம்பளத்துல பாதி போயிரும்."

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவனிடம் கேட்கப்படும் கேள்வியல்ல இது. ஆயினும் அந்தப் பாதையில் நான் விழுந்த கதை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். ஆகவேதான் கேட்டான். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எல்கடுவவுக்கு மாத்தளைப் பக்கமாகவும் ஏறலாம், வத்தேகமப் பக்கமாகவும் ஏறலாம். எப்படி ஏறினாலும் வளைவுகள்தாம். தோட்டங்களுக்குள் பிரியும் கிளைப்பாதைகளில் கருங்கல் பதித்த தடம், மழைநாளில் பாசி, ஓரத்தில் பீலி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்காக வெட்டப்பட்ட மலைகள் இவை. அன்று இம்மலைகளுக்கு வந்த நம்மவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வடக்குப் பாதையால் காட்டினூடே நடந்து மாத்தளையை அடைந்தனர். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1869இல் கோப்பி இலைகளில் துருநோய் தோன்றிற்று. அதற்கு இரண்டாண்டு முன்னரே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிடத் தொடங்கியிருந்தார். 1880இல் புகையிரதம் மாத்தளையை எட்டியது. தேயிலைப் பெட்டிக்குச் சக்கரம் வந்துவிட்டது. கொழுந்து பறித்தவளுக்கு வரவில்லை. அவள் மலைக்கு நடந்தாள்.

தோட்டத்துக்குள் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு பதவி இருந்தது. பெரியதுரைக்குக் கார், சின்னத்துரைக்கு மோட்டார் சைக்கிள், கணக்கப்பிள்ளைக்கும் கங்காணிக்கும் கால்கள். நான் சிறுவனாயிருந்த எழுபதுகளில் இந்த வரிசை மாறியிருக்கவில்லை. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகி, ஜனவசமவின் கீழும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் கீழும் வந்தபோதும் சின்னத்துரையின் வண்டிச் சத்தம் அதேதான். அந்தச் சத்தம் கேட்டதும் மலையில் பேச்சு நின்றுவிடும். என் தந்தையார் கணக்கப்பிள்ளை. அவர் ஆயுளில் ஒருநாளும் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில்கூட அமர்ந்ததில்லை.

அந்தக் காலத்து பிரித்தானிய வண்டிகள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், ஒடுக்கமான உடல். சரிந்து விழுந்தால் முதலில் தரையில் படுவது கைபிடியும் கால்மிதியும். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் தனித்தனி. பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஒயிலுக்கென்று வேறொரு தாங்கி இருந்தது. பக்கத்துச் சங்கிலிப்பெட்டி நசுங்கினாலும் எஞ்சினின் ஒயில் வடிந்துபோகாது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய நோர்ட்டன் 16எச், மட்ச்லெஸ் ஜி3எல் போன்ற இராணுவ வண்டிகளுக்கு எஞ்சினின் அடியில் உருக்குத் தகடு பூட்டப்பட்டது. கல்லிலிருந்து காப்பதே அதன் வேலை. பக்கவாட்டைப் பற்றி எவரும் அதிகம் கவலைப்படவில்லை. 1923இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்32 விதிவிலக்கு. அதன் இரு சிலிண்டர்களும் இருபுறமும் முழங்கையைப் போல் நீட்டிக்கொண்டிருந்தன.

பின்னர் ஜப்பானியர் வந்தார்கள். 1958இல் ஹொண்டாவின் சூப்பர் கப், காலுக்கு முன்னே பிளாஸ்டிக் மறைப்போடு வந்தது. அந்த இனத்தைச் சேர்ந்த எம்டி 90, 1971 முதல் ஜப்பானிய அஞ்சல்காரர்களுக்கென்றே தயாரிக்கப்பட்டது. அவர்கள் ஓட்டிக் கழித்தவை எங்கள் ஊர்களுக்கு வந்து இன்னொரு ஆயுள் வாழ்ந்தன. 1969இல் வெளிவந்த சிபி 750இல் நான்கு சிலிண்டர்கள் குறுக்கே வரிசையாக அமைந்தன. எஞ்சின் அகன்றது. விழும்போது தரையைத் தொடுவது இப்போது எஞ்சினின் பக்கவாட்டு மூடிகளே. சிறிய வண்டிகளில் அகலம் அவ்வளவு இல்லை. ஆனால் அவற்றில் வேறொரு சிக்கல். எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே உலோகக் கூட்டுக்குள், பெரும்பாலும் ஒரே ஒயிலில் நனைந்து இயங்குகின்றன. மெல்லிய அலுமினிய மூடியில் ஓர் ஓட்டை விழுந்தால் மூன்றும் தாகத்தில் சாகும். ஓட்டப்பந்தயத்தில் இதை நன்கு அறிந்திருக்கிறார்கள். உலக சூப்பர்பைக் போட்டிகளின் விதிகளில், ஒயில் உள்ள பக்கவாட்டு மூடிகளுக்கு மேல் இரண்டாவது மூடி கட்டாயம். விழுந்தவனின் எஞ்சின் மீதுள்ள கருணையால் அல்ல. அவன் சிந்திய ஒயிலில் பின்னால் வருபவன் வழுக்கக்கூடாதே!

1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் இந்த ஜப்பானிய வண்டிகள் நாடெங்கும் பெருகின. என்னிடம் ஒன்று வந்து சேர 1996 ஆயிற்று. தோட்டங்களின் நிருவாகம் 1992இல் கம்பனிகளுக்குக் கைமாறிய பின்னர் தொழிலாளர் நிலை பற்றி எழுதுவதற்காக எல்கடுவவுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். வேகமில்லை, நடப்பவரை முந்தும் வேகம், அவ்வளவுதான். பாசிக்கல்லில் பின்சக்கரம் நழுவி, வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. எனக்குச் சிராய்ப்பு மட்டுமே. வண்டியை நிமிர்த்தியபோது பிரேக் மிதி உள்ளே வளைந்து கிளட்ச் மூடியைத் துளைத்திருந்தது. கரிய ஒயில் கல்லிடுக்கில் ஓடிற்று. மூடியை உடைத்தது கல்லல்ல, என் வண்டியின் சொந்த உறுப்பு.

லயத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் சவர்க்காரக் கட்டியைப் பிசைந்து ஓட்டையில் அப்பினார். "இது நிக்காதுங்க, எறக்கத்துல உருட்டிக்கிட்டுப் போங்க" என்றார். உருட்டினேன். அந்த மூடிக்கு மாற்று தேடி ஏழு வாரம் அலைந்தேன். கட்டுரை வெளிவரவேயில்லை.

சின்னத்துரையின் வண்டி உடைந்தால் அது தோட்டக் கணக்கில் ஒரு வரி. ஆசிரியனின் வண்டி உடைந்தால் மூன்று மாதக் கடன். மார்ச் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறிய ஏற்றத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். 2022இல் வாரத்துக்கு நாலு லீற்றர் பெற்றோல் என்று அட்டை காட்டி வாங்கிய நாட்களில், என் மருமகன் வாங்கும் முன்பே அந்த லயத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்ததாம். இரவில் நோயாளியை மாத்தளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக அந்த நாலு லீற்றரில் ஒரு லீற்றரை அவர்கள் தொடாமல் வைத்திருந்தார்களாம். இன்று அந்தப் பொறுப்பு இவன் வண்டிக்கு வந்திருக்கிறது. ஆகவே மூடி உடைவது அவன் ஒருவனின் பிரச்சினையன்று.

மறுநாள் அவனை அழைத்தேன். குழாய்க் கம்பியை வளைத்துச் சட்டத்தில் பூட்டும் பெரிய காவல் கம்பி வேண்டாம் என்றேன். பலமாக விழுந்தால் அடி சட்டத்துக்குப் போகும். மூடியை மாற்றலாம், வளைந்த சட்டத்தை நிமிர்த்துவது வேறு கதை. இடப்பக்க மூடியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம். வலப்பக்கக் கிளட்ச் மூடிக்கு மட்டும் இப்போதே கவசம் போடு, உள்ளே சேறு தங்காமல் மழைக்காலத்தில் கழற்றிக் கழுவு, அடித்தகட்டை மாத்தளையில் ஒட்டு வேலை செய்பவரிடம் செய்வித்துக்கொள். எல்லாவற்றுக்கும் முன்னர் பின் டயரை மாற்று. விழுந்தபின் காப்பது கவசம். விழாமல் வைத்திருப்பது டயர்.

"டயர் நல்லாத்தான் இருக்கு மாமா" என்றான். அனுப்பிய படத்தில் டயர் வழுக்கைத் தலையாக இருந்தது. கொஞ்சம் கடிந்துகொண்டேன்.

இரண்டு வாரத்துக்குப் பின் மீண்டும் அழைப்பு. டயர் மாற்றியாயிற்று, வலப்பக்க மூடியும் போட்டாயிற்று. அடித்தகடும் பூட்டியாயிற்று, ஆனால் ஒயில் வடிக்கும் ஆணிக்கு நேரே துளை போட இருவருமே மறந்துவிட்டார்களாம். தகட்டைக் கழற்றிக்கொண்டு சனிக்கிழமை மறுபடி மாத்தளைக்கு இறங்குகிறான்.